பாண்டிச்சேரி ஸ்கூபாவும் என் இடது காதும்

பாண்டிச்சேரியில் ஸ்கூபா போவது பற்றித் தேடினால் வருவதெல்லாம் மீன் கூட்டத்துக்கு நடுவே விரலை வட்டமாக மடக்கி ஓகே காட்டுகிற வீடியோக்கள்தான். நானும் அவற்றைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டேன். கீழே போகும்போது காதில் ஏதாவது ஆகிவிட்டால் எந்த டாக்டரிடம் போவது, அவரிடம் என்ன சொல்வது, மெடிக்ளைம் கிடைக்குமா என்பதெல்லாம் எங்கேயும் இல்லை. தமிழில் சுத்தமாக இல்லை. ஒவ்வொன்றையும் நானே முட்டி மோதித் தெரிந்துகொண்டேன். அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எனக்குக் கடலூர். ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில் கணக்குப் பார்க்கிறேன். நீச்சல் தெரியும், கெடிலத்தில் தண்ணீர் ஓடிய காலத்தில் மாமா கற்றுக்கொடுத்தது. சர்டிபிகேட் எதுவும் இல்லாதவர்களைப் பயிற்சியாளர் கூடவே வைத்துக் கூட்டிப்போகும் முதல்முறை டைவ்தான் நான் புக் செய்தது. இரண்டு முறை இறங்குவதற்கு 6,500 ரூபாய், வீடியோ வேண்டுமானால் தனியாக 1,000. 'ஒருத்தருக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர் மேடம், பயமே வேணாம்' என்று போனில் சொன்னார்கள். முன்பணமாக 3,000 அனுப்பினேன். வீட்டில் அம்மாவிடம், பாண்டியில் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னால் விட மாட்டார்.

இறங்கும் இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்கு நேர் எதிரே கடலடி பெரும்பாலும் மணலும் சேறுமாகத் தட்டையாகக் கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் கெட்டியான பொருள் எது கிடந்தாலும் அதில் பாசியும் கொட்டலசும் ஒட்டும், சிறுமீன் வந்து ஒதுங்கும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். நம் மீனவர்கள் மரக்கிளையையும் தென்னை மட்டையையும் கல்லில் கட்டிக் கடலில் போட்டு மீனைச் சேர்த்தது இந்தக் கணக்கில்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக மீன்வளத் துறையும் முக்கோண வடிவிலும் கிணற்று உறை வடிவிலும் கான்கிரீட் வார்த்து, தமிழகக் கரையில் பல ஊர்களுக்கு எதிரே இறக்கியிருக்கிறார்கள். டைவ் நடத்துகிறவர்கள் கான்கிரீட், இரும்பு, பழைய சாமான் என்று போட்டு உருவாக்கிய திட்டுகள் தனி. புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடற்கரை மணலைக் காப்பாற்றுவதற்காகக் கடலில் இறக்கிய இரும்புக் கட்டுமானம் வேறு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் போன திட்டில் அடிமட்டம் 18 மீட்டர் ஆழம். என்னைப் போன்ற முதல்முறை ஆட்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகக் கூடாது.

காலையில் ஒரு மருத்துவப் படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, சைனஸ், காது ஆபரேஷன், வலிப்பு, சர்க்கரை என்று வரிசையாகக் கேள்விகள். எனக்கு எதுவும் இல்லை, இல்லை என்றே எழுதினேன். பக்கத்தில் இருந்த பையன் ஆஸ்துமாவுக்கு ஆமாம் போட்டதும் அங்கிருந்தவர், 'தம்பி, எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க, இல்லன்னா டாக்டர் லெட்டர் கேப்பாங்க, இன்னைக்கு டேட் போயிடும்' என்று வேறு படிவம் நீட்டினார். அவனும் மாற்றிப் போட்டான். இது மிகவும் தவறான விஷயம். ஆஸ்துமாக்காரர் மேலே ஏறும்போது நுரையீரலில் காற்று சிக்கிக்கொண்டால், அழுத்தம் குறையக் குறைய அது விரிந்து நுரையீரலையே கிழிக்கும். ஏதாவது நடந்தால் அந்த 'நோ'வுக்குக் கீழே இருப்பது அவன் கையெழுத்துதான், சொல்லிக்கொடுத்தவருடையது அல்ல. படிவத்தை முந்தைய வாரமே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். ஆமாம் போட வேண்டியிருந்தால் டாக்டரிடம் லெட்டர் வாங்க நேரம் இருக்கும்.

நீச்சல் குளத்தில் பயிற்சி நன்றாகவே நடந்தது. வாயால் மூச்சு விடுவது, முகமூடிக்குள் வந்த தண்ணீரை வெளியேற்றுவது, கைச் சைகைகள். காதுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும், வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும், வந்த பிறகு அல்ல. மூச்சை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடக்கக் கூடாது. காது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அங்கே யாரும் விளக்கவில்லை, பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. கடல் மட்டத்தில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் இறங்கினால் அது இரண்டு மடங்கு. அடுத்த 10 மீட்டருக்கு இரண்டிலிருந்து மூன்றுதான். அதாவது செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குவது முதல் 10 மீட்டரிலேயே. ஆழம் குறைவு, ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் காது விஷயத்தில் அது தலைகீழ்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து படகு. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடு இருப்பதால் அலை அங்கேயே தூக்கிப் போடும். வாந்திக்கு மாத்திரை போடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிலருக்கு அதில் நல்ல தூக்கம் வரும், தூக்கக் கலக்கத்தோடு கடலுக்கு அடியில் போகக் கூடாது.

முதல் டைவ் அருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒருவருக்கு ஒருவர் என்று சொன்னது இரண்டு பேருக்கு ஒருவர் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கள் பயிற்சியாளர் தம்பி பொறுமையாகக் கயிற்றைப் பிடித்தபடி இறக்கினார். கீழே கான்கிரீட் உறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்க, உள்ளே களவா ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சங்கரா, ஓரா, கிளாத்தி, மேலே பாறை மீன் கூட்டம். கடலூர்க்காரிக்கு மீனைப் பார்த்ததும் குழம்பா வறுவலா என்றுதான் தோன்றும், அங்கே அப்படித் தோன்றவே இல்லை. உறையின் விளிம்பில் ஒரு அறுந்த வலை சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. மீன் சேருகிற இடத்துக்குத் தூண்டில்காரர்கள் வருவார்கள், கொக்கியும் நரம்பும் மாட்டிக்கொண்டு கிடக்கும். எதையும் தொடாதீர்கள், கூட வருபவரிடம் நரம்பு அறுக்கும் கத்தி இருக்கிறதா என்று ஏறும் முன்பே பாருங்கள்.

படகுக்கு வந்ததும் இடது காது அடைத்திருந்தது. வலி இல்லை, பஞ்சு வைத்த மாதிரி மந்தம். சொன்னேன். 'எல்லாருக்கும் அப்படித்தான்க்கா, அடுத்த டைவ்ல தானா தொறந்துக்கும்' என்றார்கள். தானாகத் திறக்காது. முதல் டைவுக்குப் பிறகு காது அடைத்திருந்தால் உள்ளே சவ்வு ஏற்கெனவே வீங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூக்கையும் நடுக்காதையும் இணைக்கிற குழாய் வீக்கத்தில் இன்னும் குறுகியிருக்கும், இரண்டாவது முறை திறப்பது கடினம். அந்த நிலையில் யாரையும் மறுபடி இறக்கக் கூடாது. இது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அரிச்சுவடி. இன்னொரு குழுவின் பயிற்சியாளருக்கு வாந்தி வந்துவிட்டதால், இரண்டாவது முறை எங்கள் தம்பியிடம் மூன்று பேர். நேரம் ஆகிவிட்டது என்று மேலிருந்து அவசரப்படுத்தினார்கள். கயிறு இல்லாமலே இறக்கினார்கள்.

இரண்டு மூன்று மீட்டரில் இடது காதில் ஊசி குத்துவது போல ஆரம்பித்தது. கையை ஆட்டி, காதைக் காட்டினேன். தம்பி ஒரு நொடி நிறுத்தினார், மூக்கைப் பிடி என்று சைகை காட்டினார். ஊதினேன், திறக்கவில்லை. மறுபடி காதைக் காட்டினேன். அதற்குள் மற்ற இருவரில் ஒருவர் மேலே மிதந்து போக, அவரைப் பிடிக்கிற அவசரத்தில் தம்பி என் டைவிங் ஜாக்கெட்டையும் இழுத்தபடி கீழே போனார். முதல்முறை ஆட்களின் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுவதும் இறக்குவதும் பயிற்சியாளர் கையில்தான் இருக்கும். நாம் நினைத்தாலும் நிற்க முடியாது. டப் என்று ஒரு சத்தம். வலி உடனே போய்விட்டது. அடுத்த நொடி காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தது, உலகம் சுற்றியது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன், அம்மாவுக்கு நான் தோழி வீட்டில் இருப்பதாகத்தானே தெரியும் என்று நினைத்தேன்.

அந்தச் சுற்றல் ஏன் வந்தது என்று இப்போது தெரியும். செவிப்பறை கிழிந்ததும் கடல் நீர் நடுக்காதுக்குள் போகிறது. உடம்புச் சூட்டைவிடக் குளிர்ந்த நீர் ஒரு பக்கக் காதில் மட்டும் பட்டால் சமநிலை உணர்வு குழம்பிவிடும். நீர் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கும். இது தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் செய்யக் கூடாதது ஒன்றுதான், மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வது. காது போனால் பிழைக்கலாம், நுரையீரல் கிழிந்தால் கஷ்டம். கயிறு, பயிற்சியாளர் கை, எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். குமிழிகள் போகிற பக்கம்தான் மேல். தம்பியையும் ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும், என் முகத்தைப் பார்த்ததும் என்னை இறுக்கிப் பிடித்து, பாயாமல் மெதுவாகவே மேலே கொண்டு வந்தார்.

படகில் வாந்தி. படகோட்டி அண்ணன்தான் முதலில் சொன்னார், 'அந்தப் பொண்ணு காதுல ரத்தம் பாரு.' பயிற்சி மையத்துக்குத் திரும்பியதும், தண்ணீர் போயிருக்கும் என்று சொல்லி, காதை உலர்த்தும் சொட்டு மருந்தை ஒருவர் விட்டார். உயிர் போகிற எரிச்சல், கத்திவிட்டேன். செவிப்பறை கிழிந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் எந்தச் சொட்டு மருந்தும் காதுக்குள் போகக் கூடாது. சில மருந்துகள் நடுக்காது வழியே உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். வீட்டுக்கு வந்து காது வலி என்று மட்டும் சொன்னதற்கு அம்மா உடனே பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சத் தொடங்கினார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். திட்டு விழவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிரவு போன ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, காது அடைப்பு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார், 450 ரூபாய். மறுநாள் காலை எழுந்தால் தரை சாய்ந்தது. இடது காதில் போனை வைத்தால் மணியே கேட்கவில்லை, ஓயாமல் ஒரு கீச்சொலி மட்டும். காது மூக்கு தொண்டை நிபுணரைத் தேடிப் போனேன். அவர் முதலில் செய்தது, இடுக்கி போன்ற ஒரு இரும்புக் கவையைத் தட்டி நெற்றியில் வைத்து எந்தக் காதில் கேட்கிறது என்று கேட்டது. நல்ல காதில் கேட்கிறது என்றேன். அவர் முகம் மாறியது.

இதை வீட்டிலேயே நீங்களும் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம் என்று பிறகு சொல்லிக்கொடுத்தார். வாயை மூடி ம்ம்ம் என்று முனகுங்கள். அடிபட்ட காதில் சத்தம் அதிகமாகக் கேட்டால் பெரும்பாலும் பிரச்சினை செவிப்பறை, நடுக்காது பக்கம், கொஞ்சம் நிதானிக்கலாம். நல்ல காதில் அதிகம் கேட்டால் உள்காதில் அடி விழுந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். உள்காது பாதிப்புக்கு ஸ்டீராய்டு எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. முனகல் சோதனை டாக்டரின் பரிசோதனைக்கு மாற்று இல்லை. சுற்றல் நீடித்தாலும், இரைச்சல் நிற்காவிட்டாலும் அது என்ன சொன்னாலும் போய்விடுங்கள்.

டாக்டர் கேட்ட கேள்விகள் முக்கியமானவை. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எத்தனை முறை, எவ்வளவு வேகமாக ஏறினாய், தொந்தரவு இறங்கும்போது தொடங்கியதா மேலே வந்த பிறகா? இறங்கும்போது தொடங்கினால் பெரும்பாலும் அழுத்தக் காயம். மேலே வந்த பிறகு சுற்றலோ மரத்துப்போவதோ மூட்டு வலியோ தொடங்கினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி சேர்ந்ததாக இருக்கலாம், அதற்கு அழுத்த அறை வைத்தியம் தேவைப்படும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. டைவ் மையத்துக்கு போன் போட்டு ஆழமும் நேரமும் கேட்டால் குறித்து வைக்கவில்லை என்றார்கள். என்னைக் காப்பாற்றியது 1,000 ரூபாய் வீடியோ. மறுநாளே வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதில் தம்பி கையில் கட்டியிருந்த, ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரின் எண்களும் தெரிந்தன, நான் காதைக் காட்டியதும் தெரிந்தது. படகை விட்டு இறங்கும் முன் கம்ப்யூட்டர் திரையை உங்கள் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இலவசம்தான்.

அட்மிட் ஆனேன். தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், ஸ்டீராய்டு, சுற்றலுக்கு ஊசி. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைக்க வேண்டும். சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்துக் காது கேட்கும் சோதனை எடுத்தார்கள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நான் அழுத்தவே இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை எடுத்த பெண் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே இருந்தார். அங்கேதான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழுதது அந்த ஒருமுறைதான்.

பணம். ஆஸ்பத்திரி பில் 41,300. வேலை விஷயமாக சென்னையிலிருந்து புனே போக எடுத்த விமான டிக்கெட் 5,640, அதில் திரும்ப வந்தது ஒன்றுமில்லை. உள்காது அடிபட்டால் டாக்டர் சொல்லும்வரை விமானம் கிடையாது. காது நன்றாக இருந்தாலும் ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், இரண்டு மூன்று என்றால் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. பாண்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கடைசி நாள் காலையில் டைவ், இரவு சென்னையில் விமானம் என்று திட்டம் போடுவதைப் பார்க்கிறேன். டைவை முதல் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லா விடுப்பில் பாதி மாதச் சம்பளம் போனது தனி.

மெடிக்ளைம் கதைதான் இதில் எல்லாவற்றையும்விட என்னைக் களைக்க வைத்தது. கேஷ்லெஸ் மறுத்தார்கள். பணம் கட்டிவிட்டு பில்லை அனுப்பினேன், அதையும் மறுத்தார்கள். காரணம் ஒரே வரி: எக்ஸ்க்ளூஷன் கோட் 09, அபாயகரமான சாகச விளையாட்டு. பாலிசியில் தேடினால் ஸ்கூபா டைவிங் என்று பெயர் சொல்லியே இருந்தது. சரி, போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதற்கோ அந்தப் பாராவை முழுதாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. 'அஸ் எ புரொஃபஷனல்' என்று மூன்று சொல். தொழில்முறையாக அதில் ஈடுபடுவதால் வரும் சிகிச்சைக்குத்தான் விலக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஐஆர்டிஏஐ, எல்லா ஹெல்த் பாலிசிகளுக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. நான் காசு கொடுத்துப் போன சுற்றுலாப் பயணி, காசு வாங்கிக்கொண்டு போன ஆள் இல்லை. விபத்துக் காப்பீடு, டிராவல் பாலிசி இவற்றில் வாசகம் வேறாக இருக்கும், தனியாகப் படிக்க வேண்டும்.

சிக்கல் இன்னொன்று இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் யாரோ 'ஸ்கூபா டைவர்' என்று எழுதியிருந்தார்கள். அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரிடம் போய் நின்றேன், 'பொழுதுபோக்குக்காக முதல்முறை பயிற்சியாளருடன் சென்றவர்' என்று விளக்கக் கடிதம் கொடுத்தார். டிஸ்சார்ஜ் ஆகும்போதே சம்மரியை வரி வரியாகப் படியுங்கள். வாசலைத் தாண்டிய பிறகு ஒரு சொல்லை மாற்ற ஒரு வாரம் அலைய வேண்டும்.

கடிதத்தையும் டைவ் ரசீதையும் சேர்த்து காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். பழைய பதிலையே திருப்பி அனுப்பினார்கள். அடுத்து காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். சென்னை அலுவலகத்தின் கீழ் தமிழ்நாடும் புதுச்சேரியும் காரைக்காலும் வரும். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. முதலில் நிறுவனத்துக்கு எழுதி, அவர்கள் மறுத்திருக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதில் தராமல் இருந்திருக்க வேண்டும். மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். விசாரணைக்கு முன்பே நிறுவனம் இறங்கி வந்தது. 36,850 வந்தது. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் என்று 4,450 பிடித்துக்கொண்டார்கள். அட்மிட் ஆவதற்கு முன்னும் பின்னும் ஆன காது சோதனைச் செலவுகளையும் குறிப்பிட்ட நாள் வரை கேட்கலாம் என்று பாலிசியிலேயே இருந்தது. ஒவ்வொரு பில்லுக்கும் டாக்டர் சீட்டு வைத்திருந்ததால் அதுவும் வந்தது. டைவ் செய்கிறவர்களுக்கென்றே டான் (டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்) என்ற அமைப்பு காப்பீடு தருகிறது, இதையே பழக்கமாக்கிக்கொள்ள நினைப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

டைவ் மையத்திடம் வீடியோவைக் காட்டிக் கேட்டேன். இரண்டாவது டைவுக்கான பணத்தை மட்டும் திருப்பினார்கள். எழுத்தில் ஒரு வரி தரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். சேவைக்கு நாம் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஒரு சண்டை முடிந்ததே போதும் என்று இருந்தேன், இன்றும் அது கொஞ்சம் உறுத்துகிறது.

செவிப்பறை சில வாரங்களில் தானாக மூடிக்கொண்டது. கீழ்ச்சுதியில் கேட்பது திரும்பிவிட்டது, மேல்சுதியில் ஒரு பள்ளம் நின்றுவிட்டது. குக்கர் விசில் கேட்கும், கொலுசுச் சத்தம் இடது பக்கம் கேட்காது. நீச்சல் போகலாம், டைவ் இனிக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

இப்போது சித்தி மகன் போக வேண்டும் என்று நிற்கிறான். தடுக்கவில்லை. வாடை மழைக்காலத்தில் ஆற்றுச் சேறு கடலில் கலந்து எதுவும் தெரியாது, தை மாசி தாண்டிப் போ என்று மட்டும் சொல்லி, இரண்டு இடத்துக்கு போன் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் நானே கேட்டேன். கடலுக்குள் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? கயிற்றைப் பிடித்து இறக்குவீர்களா? படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? முதல் டைவில் காது அடைத்தால் இரண்டாவதுக்குப் பணம் திரும்புமா? முதல் இடத்தில் 'அக்கா, அதெல்லாம் நேர்ல வாங்க பேசிக்கலாம்' என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பெண் எடுத்தார். தண்ணீர் தெளிவாக இருந்தால் இரண்டு பேருக்கு ஒருவர், கலங்கியிருந்தால் ஒருவருக்கு ஒருவர், ஆக்சிஜன் இருக்கிறது, காது அடைத்தால் எவ்வளவு கேட்டாலும் மறுபடி இறக்க மாட்டோம், பாதிப் பணம் திரும்பத் தருவோம் என்றார். விலை 1,500 கூட. அங்கேதான் முன்பணம் கட்டியிருக்கிறான்.